பாட்டுக்குள் ஒரு பள்ளம்

சேர்மன் வந்துவிட்டார். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த தட்டியின் கிழிசல் வழியாகச் சுருளியம்மாள் பார்த்துவிட்டாள். முன்வரிசை, நடு நாற்காலி, போன வருஷம் உட்கார்ந்திருந்த அதே இடம். பெயர் தவசியாண்டி. பதவி போய் ரெண்டு தேர்தல் ஆயிற்று, செவ்வரளிப்பட்டியில் இன்றைக்கும் சேர்மன் என்றால் அவர்தான். மடியில் மடித்த துண்டு. பொன்னாடையாம். ஆடுகிறவளுக்குப் போர்த்துவதாகச் சொல்லி மேடையேற ஒரு சாக்கு வேண்டும், அதற்குத் துண்டு. வரட்டும். வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று மத்தியானத்திலிருந்து ஒரே நினைப்பு, வந்து உட்கார்ந்த பிறகு வந்துவிட்டாரே என்று நினைப்பு. உடைந்த கண்ணாடியைத் தட்டியில் செருகிவிட்டு உதட்டுக்குச் சாயம் இழுத்தாள். சாயம் பிசகவில்லை. நல்லது. மேடையில் ஜோடிப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, அது முடிந்ததும் அவள்தான். பத்து மணிக்கு மூடச் சொல்லி போலீஸ் உத்தரவு, அதனால் அம்மன் கோயில் திருவிழாவின் ஆடல் பாடல் நிகழ்ச்சி ஏழுக்கே தொடங்கிவிட்டது, இட்லிக்கடை அடுப்பு இன்னும் அணையவில்லை, பெண்கள் பிள்ளைகளோடு ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். பாட்டுக்கு நடுவே மைக்கைப் பிடித்து மொக்கராசு கத்தினான். "அடுத்ததாக, மதுரையிலிருந்து உங்களுக்காகப் பறந்து வந்திருக்கும் நடனப் புயல் ஸ்வீட்டி!" பறந்து எங்கே வந்தாள். வேனில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், டீசல் நாற்றத்தில் வாந்தியை அடக்கிக்கொண்டு வந்தாள். ஸ்வீட்டி. முப்பத்தாறு வயசில் ஸ்வீட்டி. பெயர் வைத்தவன் இந்த மொக்கராசுதான், குழு அவனுடையது, வேன் அவனுடையது, எந்த ஊர், எந்தப் பாட்டு, யார் முதலில், யார் கடைசியில், எல்லாம் அவன் வாய். இன்றைக்குச் செய்யப்போவதை அவனிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் விட்டிருக்க மாட்டான். தப்பாகப் போனால் இந்த ஊரோடு சரி, அடுத்த ஊருக்கு வேனில் இடம் இருக்காது. போகட்டும். போன வருஷம் மாதிரி இன்னொரு தடவை நிற்பதற்கு வேனில் இடமில்லாமல் போவது மேல்.

போன வருஷம். நினைக்கக் கூடாது என்றுதான் இருந்தாள், ஆனால் சாயம் இழுக்கிறபோது வாய் சும்மா திறந்திருக்கிறது, மனசும் திறந்துகொள்கிறது. பலாச்சுளைப் பாட்டு. பழைய சினிமாப் பாட்டுதான், படத்தின் பெயர்கூட யாருக்கும் ஞாபகமில்லை, குழுவில் எல்லோருக்கும் அது பலாச்சுளை. அந்தப் பாட்டில்தான் சேர்மன் ஏறினார். துண்டைப் போர்த்தினார், கை கும்பிட்டார், இறங்க வேண்டியதுதானே, இறங்கவில்லை. ஆடினார். இடுப்பில் கை வைத்தார். கையை எடுத்துவிட்டாள், சிரித்துக்கொண்டே. மறுபடி வைத்தார். நகம். பாவாடைக் கட்டுக்கு மேலே, சதை மடிகிற இடத்தில், நகம் இறங்கியது இன்றைக்கும் அங்கே இருக்கிறது, தழும்பு போய்விட்டது, இடம் போகவில்லை. பாட்டில் இன்னொரு சரணம் பாக்கி இருந்தது. ஒரு சரணம் என்பது எவ்வளவு நீளம் என்று பாடினவனுக்குத் தெரியாது, எழுதினவனுக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும். மேடை ஓரத்தில் பாட்டு போடுகிற இருதயராஜ் அண்ணனைப் பார்த்தாள், நிறுத்து என்று கண்ணால் கெஞ்சினாள், அவர் விரல் பொத்தானுக்கு மேலே போய் நின்றது, நின்றதோடு சரி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு வழக்கம். அம்மன் முன்னால் தொடங்கின பாட்டு பாதியில் நிற்கக் கூடாது. நின்றால் அந்த வருஷம் ஊரில் எல்லாமே பாதியில் நிற்குமாம். பேசி முடித்த கல்யாணம், வெட்ட ஆரம்பித்த கிணறு, பெய்ய வந்த மழை. கரண்ட் போனால்கூடப் பாட்டு போகக் கூடாது என்றுதான் ஜெனரேட்டர் சுமந்து வருகிறார்கள். நிறுத்தினவனை அடித்துக் கையை ஒடித்த ஊர் உண்டு. ஆகவே பாட்டு ஓடியது, நகமும் ஓடியது, அவள் பல்லைக் காட்டிக்கொண்டே நின்றாள், மொக்கராசு ஜெனரேட்டரில் ஏதோ பழுது பார்ப்பவன் மாதிரி முதுகைத் திருப்பிக்கொண்டான். திரும்பி வருகிறபோது வேனில் இருதயராஜ் அண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நிறுத்தியிருக்கணும் ஆத்தா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆத்திரம் சேர்மன் மேல் மட்டும் என்றால் தூங்கியிருப்பாள். ஆத்திரம் பாட்டின் மேல். அதுதான் தாங்கவில்லை. பாட்டு அவளுடைய ஆளாக அல்லவா இருந்தது இத்தனை காலமும். ஆட வந்த புதிதில், பெயர் மறந்துபோன ஏதோ ஒரு ஊரில், கால் பயத்தில் பின்னி ஒரு அடி பிந்திப்போயிற்று. தாளம் விழுந்த பிறகு அவள் கால் விழுந்தது. போச்சு, சிரிக்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். கூட்டம் சிரிக்கவில்லை. முன்னால் சாய்ந்தது. அத்தனை தலையும் ஒரு விரற்கடை முன்னால் வந்து, கால் விழுந்ததும் அப்பாடா என்று பின்னால் போயிற்று. அடடே என்று இருந்தது. இன்னொரு தடவை, இந்த முறை வேண்டுமென்றே பிந்தினாள். மறுபடி சாய்ந்தது. கயிறு கட்டியிருக்கிற மாதிரி. நுனி தன் கையில் இருக்கிற மாதிரி. அன்றைக்குத்தான் அவளுக்கு இந்த வேலை பிடித்தது. அதற்குப் பிறகு எத்தனையோ கற்றுக்கொண்டாள். வாலிபப் பயல்கள் நிறைந்த ஊர் என்றால் வேகப் பாட்டு, மூச்சு முட்டும், ஏறி வர மாட்டான்கள். குடித்த பெருசுகள் என்றால் சொல் நிறைந்த பாட்டு, கேட்டுக்கொண்டே தலையாட்டித் தூங்கிவிடுவார்கள். ராகம் இழுக்கிற இடத்தில் ஆண்கள் கண்ணைப் பார்ப்பார்கள், மேளம் அடிக்கிற இடத்தில் கண்ணைப் பார்க்க மாட்டார்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று அவள்தான் சொன்னாள், பாட்டை வைத்துச் சொன்னாள். தனக்கென்றும் வைத்துக்கொண்டாள் சிலதை. கொஞ்சுகிற பாட்டு ஒன்றில் முகத்தை வெடுக்கென்று திருப்புவாள், வெட்கம் என்று விசிலடிப்பார்கள், அது ரேஷன் கடைக்காரன் மேல் அவளுக்கிருந்த கோபம். சோகப் பாட்டு கேட்க மாட்டார்கள், அதனால் குத்துப் பாட்டிலேயே அழுதிருக்கிறாள், வேர்வையோடு வேர்வையாக, ஒருத்தனுக்கும் தெரியாது. புருஷன் விட்டுவிட்டுப் போன வாரம் ஆடின ஆட்டம்தான் அவள் ஆடினதிலேயே நல்ல ஆட்டம் என்று மொக்கராசு இன்றைக்கும் சொல்கிறான், மடையன். அப்படி இருந்த பாட்டு, போன வருஷம் இந்த மேடையில் சேர்மனுக்கு ஆள் வேலை பார்த்தது. நான் முடிகிறவரை நீ நில்லு என்றது. அதைத்தான் செரிக்க முடியவில்லை.

வழி கிடைத்தது ஒரு கல்யாண வீட்டில். ஆட்டமில்லை, சும்மா சாப்பிடப் போனது. வரவேற்பில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தான்கள், பொசுக்கென்று கரண்ட் போயிற்று. வெளிச்சம் பகல் வெளிச்சம், அது போகவில்லை, பாட்டு மட்டும் போயிற்று. மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒருவர், நல்ல கனமான ஆள், ஒரு கையைத் தூக்கி ஒரு காலை மடக்கிப் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டிருந்தவர், அப்படியே நின்றார். அதுவரை ஆட்டமாக இருந்தது. பாட்டு போன நிமிஷம் அது என்னவென்றே தெரியாத ஏதோ ஒன்றாகிவிட்டது. அவர் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தார். சுருளியம்மாளுக்கு வாயில் வைத்த லட்டு இறங்கவில்லை. அன்றைக்கே இருதயராஜ் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். "அண்ணே, பலாச்சுளைப் பாட்டை நீ நிறுத்த வேண்டாம். பாட்டுக்குள்ளயே ஒரு பள்ளம் தோண்டிக் குடு." "பள்ளமா?" "சத்தமே இல்லாம கொஞ்ச நேரம். கம்ப்யூட்டர்ல கோடு ஓடணும், சத்தம் மட்டும் வரக் கூடாது." அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளினார். "ஸ்பீக்கர் போச்சுன்னு கல்லெடுத்து எறிவாய்ங்க ஆத்தா." "எறியட்டும். எம்மேல விழுகாம நின்னுக்கிறேன்." "எம்மேல விழுகுமே." ஆனாலும் தோண்டிக் கொடுத்தார். ரெண்டாவது சரணத்துக்கு முந்தின இசை முடிகிற இடத்தில். ஏன் அங்கே என்று அவர் கேட்கவில்லை, அவருக்கும் தெரியும். பல்லவிக்கு விசில் மட்டும்தான் வரும். முதல் இசை வரும்போது பக்கத்தில் இருக்கிறவன் தொடையில் கிள்ளுவான், போங்க மாப்ள என்பான். முதல் சரணத்தில் வேட்டியை இறுக்குவார்கள். ரெண்டாவது இசையில்தான் படியேறுவார்கள். எந்த ஊரானாலும் அப்படித்தான், ஆண்பிள்ளையின் தைரியம் ஊறிவர அவ்வளவு நேரம் பிடிக்கும். "எம்புட்டு நேரம் வேணும்?" என்றார். "ஒரு ஆம்பளைக்குத் தன் கையை எங்க வைக்கிறதுன்னு தெரியாமப் போற வரைக்கும்." அவர் சிரித்துப் புரையேறி இருமினார். அப்புறம் அவள் கேட்டதற்கும் மேலே கொஞ்சம் நீட்டியே வைத்தார்.

ஜோடிப் பாட்டு முடிந்துவிட்டது. ஸ்வீட்டி, ஸ்வீட்டி என்கிறான்கள். போய் நின்றாள். விளக்கு மூஞ்சியில் அடித்தது, பலகைக்கு அடியில் ஸ்பீக்கர் உறுமுவது குதிகால் வழியாக முழங்காலுக்கு ஏறியது, இந்த ஒன்று மட்டும் என்றைக்கும் பொய் சொன்னதில்லை. பல்லவி. விசில். சரியாக இருக்கிறது. கை கால் தன்னால் போகிறது, மனசு மட்டும் நாற்காலியைப் பார்க்கிறது. ஒருவேளை ஏறவே இல்லை என்றால்? ஆளில்லாத பள்ளத்தில் அவள் மட்டும் நிற்பாள், கல் விழும், மொக்கராசு முடியைப் பிடிப்பான். ஒருவேளை ஏறி, பள்ளமும் வந்து, அந்த அமைதியில் ஊர் அவரைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சிரித்தால்? அதை அவள் யோசிக்கவே இல்லையே. இத்தனை நாள் யோசித்ததில் அதை யோசிக்கவில்லையே. பாட்டில்லாமல் நின்றால் அவளும்தானே ஒரு கையைத் தூக்கி ஒரு காலை மடக்கினவள். முட்டாள். அவருக்கு வெட்டின பள்ளத்தில் நீயும்தான் விழுவாய். நிறுத்தச் சொல்லிவிடலாமா? அண்ணனைப் பார்த்தாள், அவர் கம்ப்யூட்டரில் ஓடுகிற கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் முதல் இசை தொடங்கிவிட்டது, நாதஸ்வரம் போல ஒன்று இழுத்தது, கூட்டத்தில் திடீரென்று ஆரவாரம். திரும்பினாள். சேர்மன் படியேறிக்கொண்டிருந்தார். இப்போதேயா. இப்போது இல்லையே. முதல் இசைதானே இது, இன்னும் ஒரு முழுச் சரணம் கிடக்கிறதே நடுவில். போன வருஷம் வழி தெரிந்துகொண்ட ஆள், தைரியம் ஊறுவதற்குக் காத்திருக்கவில்லை. கணக்கில் அது விட்டுப்போயிற்று.

"என்ன புள்ள, ஞாபகம் இருக்கா?" என்றார் கிட்டே வந்து. வாயில் சோடா வாசனையும் சாராய வாசனையும். துண்டு தோளில் தொங்கியது, போர்த்தக்கூட இல்லை. வலது கை நேராக அந்த இடத்துக்கு வந்தது. அவள் உடம்பு முழுக்க அந்த ஒரு இடமாகிவிட்டது. அப்புறம் என்ன நடந்ததென்றால், அவள் யோசிக்கவில்லை, குதிகால் யோசித்தது. மேளம் விழுவதற்கு முன்னால் ஒரு சின்ன இடம் இருக்கிறது, இழுத்த மூச்சு வெளியே போவதற்கு முன்னால் இருக்கிற மாதிரி ஒன்று, அங்கே நகர்ந்துவிட்டாள். அவர் கை மேளத்தோடு வந்தது. எல்லா ஆண்களின் கையும் மேளத்தோடுதான் வரும், வேறு எதுவும் அவர்களுக்குக் கேட்காது. கை வந்தபோது இடுப்பு அங்கே இல்லை. வெறுங்காற்றைப் பிடித்தார். கூட்டம் ஓவென்றது. மறுபடி வந்தது கை, மறுபடி மேளத்தோடு, மறுபடி அரை அடி முந்திப் போய்விட்டாள். சிரிப்பு. அடே, இவ்வளவுதானா. பிந்தினால் கயிறு இழுக்கும் என்று தெரியும், முந்தினால் அறுந்துபோகும் என்று இத்தனை வருஷம் தெரியாமல் இருந்திருக்கிறாளே. சரணம் தொடங்கியது. போன வருஷம் ஒரு சரணம் முடியவே முடியாமல் கிடந்தது. இன்றைக்கு இந்த முதல் சரணத்தைப் பிரித்துப் போட்டு ஆடினாள், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சுற்று, உட்கார்ந்து எழுந்தாள், அவரும் உட்கார்ந்து எழுந்தார், "அண்ணே, விடாதண்ணே!" என்று கத்துகிறான்கள், விட முடியுமா, ஊர் பார்க்கிறதே. இடப்பக்கம் சுற்றினாள், அவர் வலப்பக்கம் சுற்றி முட்டிக்கொள்ளப் போனார். அறுபது வயசு. மூச்சு இரைந்தது. முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. விழுந்து தொலைத்துவிடப் போகிறார் என்று ஒரு பயமும் வந்தது அவளுக்கு, பயத்துக்குப் பின்னாலேயே விழுந்தால் விழட்டும் என்றும் வந்தது, வந்ததை அவள் மறைக்கவில்லை. இன்றைக்கு முகத்தில் பல் இல்லை. சிரிக்க மறந்துவிட்டாள் என்று தெரிந்தது, மறந்தபடியே ஆடினாள். ரெண்டாவது இசை வந்தது. கொஞ்சம், இன்னும் கொஞ்சம். அண்ணன் தலையைத் தூக்கினார்.

பள்ளம் விழுந்தது. அவள் தெரிந்தே அந்த அடியில் நின்றாள், ரெண்டு காலும் தரையில், ரெண்டு கையும் தொங்க, வரிசையில் நின்று தண்ணீர் பிடிக்கிறவள் மாதிரி. சேர்மனுக்குத் தெரியாது. ஒரு கை மேலே, ஒரு கை இடுப்பில், பின்பக்கம் பாட்டில்லாமலே இன்னும் ரெண்டு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் நின்றது. அவ்வளவு பெரிய திடலில் ஜெனரேட்டர் மட்டும் திக்குத்திக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அவருடைய மூச்சு எல்லோருக்கும் கேட்டது. மேடை மைக் அதைப் பிடித்துக் கோயில் கோபுரம் வரைக்கும் கொண்டுபோயிற்று. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், சத்தம் போட்டுச் சொல்லவில்லை, அமைதியில் தானாகவே ஊர் முழுக்கக் கேட்டது. "ஏங்க, பிரஷர் மாத்திரை போட்டீகளா?" சேர்மன் சம்சாரம். நிஜமான அக்கறையோடு கேட்டாள் பாவம். முதலில் ஒரு பொம்பளை சிரித்தாள். பிறகு அந்தப் பக்கம் முழுவதும். பிறகு ஆண்கள். அவளைப் பார்த்து இல்லை. ஒருத்தரும் அவளைப் பார்க்கவில்லை. அவள் வெறுமனே நின்றுகொண்டிருந்தாள், வெறுமனே நிற்பதற்கு அவளுக்குப் பாட்டு வேண்டியிருக்கவில்லை. "டேய், பாட்டைப் போடுறா!" என்றார் சேர்மன், குரல் பாதியில் உடைந்தது. "ஓடுதுங்கய்யா" என்று இருதயராஜ் அண்ணன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார், "இந்தா பாருங்க, கோடு ஓடுது, நிக்கலை." ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதற்குமேல்தான் அவள் கணக்கிலேயே இல்லாத ஒன்று நடந்தது. மொக்கராசு. பள்ளத்தைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. சத்தம் நின்றால் பாட்டு முடிந்தது, பாட்டு முடிந்தால் மைக்கைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும், பதினெட்டு வருஷமாக அவன் வாய் அப்படியே பழகிவிட்டது. "நடனக் கலைஞருக்குப் பொன்னாடை போர்த்திச் சிறப்பித்த நமது முன்னாள் சேர்மன் ஐயா அவர்களுக்கு விழாக் குழுவின் சார்பாக நன்றியும் வணக்கமும்!" என்று முழங்கிவிட்டான். முன்னாள். அந்த ஊரில் யாரும் வாயால் சொல்லாத சொல். திடலே ஒரு தடவை இழுத்து மூச்சு வாங்கியது. சேர்மன் அவனை முறைத்தார், ஆனால் மைக்கில் தன் பெயர் வந்தால் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டே பழகின கை அவருடையது, அது அவரைக் கேட்காமல் மேலே போய்க் கும்பிட்டுவிட்டது. கும்பிட்டால் முடிந்தது. இந்த மேடைகளில் கும்பிட்ட பிறகு ஆடினவன் கிடையாது, எவ்வளவு குடித்தவனானாலும். கும்பிட்ட கையை இறக்க வழியில்லாமல், கும்பிட்டபடியே படியில் இறங்கினார். துண்டு தோளிலேயே போயிற்று. கடைசிப் படியில் கால் வைக்கிறார், தடாலென்று பாட்டு வந்தது.

திரும்பினார். கீழே நின்ற கூட்டாளிகள் கையைப் பிடித்து நாற்காலிக்கு இழுத்துக்கொண்டார்கள், "உக்காருங்க மாமா, ஊர் சிரிக்குது." ரெண்டாவது சரணம் முழுவதும் கிடந்தது, ஆளில்லாமல், புதிதாக விளக்கிவைத்த பாத்திரம் மாதிரி. சுருளியம்மாள் அதற்குள் இறங்கினாள். எப்படி ஆடினாள் என்று அவளுக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை. அந்த இடத்தில், சதை மடிகிற அந்த இடத்தில் தன் கையையே வைத்துக்கொண்டாள், வைத்து அழுத்தினாள், வேர்வையில் வழுக்கிற்று, சூடாக இருந்தது, அவளுடையதாக இருந்தது. பிந்தினாள், தலைகள் சாய்ந்தன. முந்தினாள், அந்தரத்தில் விட்டாள். பெண்கள் பக்கம் விசில் வந்தது, பொம்பளைகள் விசிலடித்துக் கேட்டதே இல்லை இந்த மேடைகளில். யாரோ ஒருத்தி ரெண்டு விரலை வாயில் வைத்துவிட்டாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி. பாட்டில் அந்தப் பலாச்சுளை வரி வந்தபோது எப்போதும் போல உதட்டைக் கடித்துத் தலையைச் சாய்க்கவில்லை, நிமிர்ந்து நின்று முன்வரிசையை, நாற்காலி நாற்காலியாக, அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டே போனாள். ஒவ்வொருத்தனாகக் கண்ணை இறக்கினான். பாட்டு முடிந்தது. இந்தத் தடவை நிஜமாகவே முடிந்தது. மொக்கராசு மைக்கைத் தூக்கவே பயந்து நின்றான்.

"ஒன்ஸ்மோர்!" திடல் மொத்தமும். மணலை வாரித் தூற்றுகிறான்கள். மொக்கராசு ஓடி வந்தான், முகத்தில் பயமும் பல்லும் ஒன்றாக. "ஏ சுருளி, என்னடி பண்ணுனீக ரெண்டு பேரும் பாட்டை?" "பாட்டு நிக்கலையே. கோட்டைப் பாத்தேல்ல?" "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" "சொல்லியிருந்தா நன்றி சொல்லியிருப்பியா?" அவன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். "சரி சரி, அப்பறம் பேசுவோம். ஒன்ஸ்மோர் கேக்குறாய்ங்க, ஏறி நில்லு, மறுபடி போடச் சொல்றேன்." "தண்ணி குடிக்கணும்." "ஆடிக்கிட்டே குடி." "உக்காந்துதான் குடிப்பேன்." மேடையிலேயே, விளக்கு விழுகிற இடத்திலேயே, ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். பாட்டில் மூடியைத் திருகினாள். ஒரு வாய் குடித்தாள். கத்தல் இன்னும் கூடியது. இன்னொரு வாய். சலங்கையில் ஒரு பக்கம் முடிச்சு தளர்ந்திருந்தது, குனிந்து அவிழ்த்து நிதானமாகக் கட்டினாள். கட்டி முடித்து நிமிர்ந்தபோது கத்தல் இறங்கியிருந்தது. முன்னால் இருந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள், பின்னால் நின்றவர்கள் மறைக்குது உட்காருங்கப்பா என்று தங்களுக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்கள், பிள்ளைகளின் வாயைத் தாய்மார்கள் பொத்தினார்கள். இருதயராஜ் அண்ணன் விரலைப் பொத்தானுக்கு மேலே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "எப்ப ஆத்தா?"

"நான் எந்திரிக்கிறப்ப."

தண்ணீர் இன்னும் பாதி பாட்டில் இருந்தது.